கதையில் எது சேர்த்தி?

பாண்டி ஆடும்போது கால் கோட்டில் பட்டுவிட்டால், "அது சேர்த்தி இல்லை" என்பாள் ஒருத்தி. "சேர்த்திதான்" என்று வாதிடுவாள் மற்றொருத்தி. ஆட்டத்தில் எழும் இவ்வழக்கைத் தீர்த்துவைக்க வயதில் மூத்த அக்காள் ஒருத்தி பெரும்பாலும் அருகிலேயே இருப்பாள். இதே வழக்கு ஒரு கதையில் எழுந்தால் தீர்ப்பவர் யார்? கற்பனைக் கதையில் வருவன எல்லாம் நடவாதவையே. அவ்வாறிருக்க, 'இது நடந்தது, அது நடக்கவில்லை' என்று தீர்ப்புக் கூறும் உரிமை எவருக்கு உண்டு? கேட்பதற்கு வேடிக்கையாகத் தோன்றும் இக்கேள்வியைப் பல ஆண்டுகளாக மெய்யான மனவருத்தத்தோடு வாதாடி வருகின்றவர் உலகில் ஏராளம். அவர்கள் வாதாடுவது 'ஸ்டார் வார்ஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்பட வரிசையைப் பற்றி. நம் மாணவியரில் பலர் அப்படங்களைப் பார்த்திருப்பர். பார்த்திராத பெற்றோருக்கும் அருட்சகோதரியருக்குமாகக் கதையை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுவோம்.

முதற்படம் 1977-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் வெளிவந்தது. எழுதி இயக்கியவர் ஜார்ஜ் லூக்காஸ். விண்வெளியில் ஒரு கொடிய பேரரசு. அதனை எதிர்த்துப் போரிடும் ஒரு சிறு கூட்டம். அக்கூட்டத்திற்குத் தலைமை தாங்குவோருள் ஒருத்தியான இளவரசி லேயா. பாலைவனக் கோள் ஒன்றில் சிற்றப்பன் வீட்டில் வளரும் இளைஞன் லூக் ஸ்கைவாக்கர். காசுக்காகக் கடத்தல் தொழில் செய்யும் ஹான் சோலோ. அவனுடைய உடலெல்லாம் உரோமம் அடர்ந்த தோழன் செவ்பாக்கா. கரிய முகமூடி அணிந்த கொடியவன் டார்த் வேடர். இவர்களே கதையின் முக்கிய மாந்தர். 1980-லும் 1983-லும் அடுத்த இரு படங்கள் வந்தன. பின்னர் 1999 முதல் 2005 வரை முன்கதையாக மூன்றும், 2015 முதல் 2019 வரை பின்கதையாக மூன்றும் வந்து, வரிசை ஒன்பதாயிற்று.

படங்கள் மட்டும் இருந்திருப்பின் வழக்கு இவ்வளவு வளர்ந்திராது. படத்தோடு நாவல்கள் வந்தன, படக்கதைகள் வந்தன, வானொலி நாடகமும் தொலைக்காட்சித் தொடர்களும் வந்தன. பல கைகள் ஒரே கதையை எழுதத் தொடங்கினால் முரண்பாடு வராமலிராது. உண்மையில், முதற்படம் வெளிவருமுன்னரே முரண்பாடு வந்துவிட்டது! படத்தின் நாவல் வடிவம் 1976-ஆம் ஆண்டு நவம்பரிலேயே கடைக்கு வந்தது. அட்டையில் லூக்காஸின் பெயர். எழுதியவரோ ஆலன் டீன் ஃபாஸ்டர். அந்நாவலில் லூக் இறுதிப் போரில் நீலப் படைப்பிரிவில் பறக்கிறான். படத்தில் அது சிவப்புப் பிரிவு. நீலமா, சிவப்பா? சிறிய செய்திதான். ஆயினும் வழக்கின் வித்து அதிலேயே இருக்கிறது.

அடுத்த முரண்பாடு அத்துணைச் சிறியதன்று. அதே ஃபாஸ்டர் 1978-இல் எழுதிய ஒரு தொடர்நாவலில் லூக்கும் லேயாவும் ஒருவர்மீது ஒருவர் நாட்டம் கொண்டவராகக் காட்டப்படுகின்றனர். அவர்கள் உடன்பிறந்தோர் என்று 1983-ஆம் ஆண்டுப் படம் அறிவித்தபோது அந்நாவலைப் படித்தோர் நெளிந்திருப்பர். ஃபாஸ்டரைக் குறைகூற இயலாது. அவர் எழுதிய நாளில் அவ்வுறவு எவருக்கும் சொல்லப்பட்டிருக்கவில்லை. லூக்காஸே தம் கதையை அவ்வப்போது மாற்றிக்கொண்டுதான் வந்தார். முதற்படத்தில், லூக்கின் தந்தையைக் கொன்றவன் டார்த் வேடர் என்று முதியவர் ஓபி-வான் கூறுகிறார். 1980-ஆம் ஆண்டுப் படத்திலோ, டார்த் வேடரே தந்தை என்று தெரியவருகிறது. அப்படத்திற்கு 1978-இல் லே பிராக்கெட் என்னும் பெண் எழுத்தாளர் எழுதிக் கொடுத்த முதல் வரைவில் லூக்கின் தந்தை ஆவியாகத் தோன்றுகிறார். வேடர் வேறு ஆள். எனவே, அனைத்தையும் முன்னரே தீர்மானித்து வைத்திருந்த ஒருவர் கதையை நமக்குப் படிப்படியாகக் காட்டினார் என்று எண்ணுவதற்கில்லை. 1983-ஆம் ஆண்டுப் படத்தில் ஓபி-வான், தாம் முன்பு சொன்னதும் ஒரு நோக்கில் உண்மையே என்று சமாதானம் கூறுகிறார். வழக்கறிஞர் தோற்றார் என்றே சொல்லவேண்டும்!

இத்தகைய முரண்பாடுகளுக்கிடையே எது சேர்த்தி, எது சேர்த்தியில்லை என்று வகுக்கும் பட்டியலுக்கு ரசிகர்கள் இட்ட பெயர் 'கேனன்'. இச்சொல்லைக் கேட்டதும் நம் அருட்சகோதரியரின் புருவங்கள் உயரும். ஏனெனில் அது திருச்சபையின் சொல். கிரேக்க மொழியில் அதற்கு அளவுகோல் என்று பொருள். நாணல் தண்டை அளவுகோலாகக் கொண்டதனால் வந்த பெயர். விவிலியத்தில் சேர்ந்த நூல்கள் இவையிவை என்னும் வரையறையை அச்சொல்லால் குறித்தனர். தமிழில் அதனைத் திருமுறை என்கிறோம். சைவரும் தம் திருப்பாடல்களின் தொகுதியைப் பன்னிரு திருமுறை என்பதால், இச்சொல்லின் கனம் தமிழ் மக்கள் யாவருக்கும் தெரியும். புனிதமான அப்பொருளோடு திரைப்படத்தை நாம் ஒருக்காலும் சமமாக வைக்கமாட்டோம். ஆயினும் சொல்லைக் கடன் வாங்கியவர்கள், அச்சொல் முதலில் எப்படி வேலை செய்தது என்பதையும் அறிந்திருந்தால் தங்கள் சண்டையில் பாதி குறைந்திருக்கும் என்பது நம் எண்ணம். எனவே அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் இன்று நாம் அறிந்த அதே எண்ணிக்கையில் ஒன்றுசேரக் குறிப்பிடும் மிகப் பழைய பட்டியல், அலெக்சாந்திரியா நகர ஆயர் புனித அத்தனாசியார் 367-ஆம் ஆண்டு எழுதிய பாஸ்கா மடலில் உள்ளது. வட ஆப்பிரிக்காவில் 393-இல் இப்போவிலும் 397-இல் கார்த்தேசிலும் கூடிய சங்கங்கள் விவிலிய நூல்களின் பட்டியலை ஏற்றன. திரிதெந்து பொதுச்சங்கம் 1546-இல் அதனை உறுதியாக வரையறுத்தது. ஆண்டவருடைய காலத்திற்கும் அத்தனாசியாரின் மடலுக்கும் இடையே முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன என்பதைக் கவனிக்கவேண்டும். அத்துணைக் காலமும் நூல்கள் சும்மா கிடக்கவில்லை. ஊர்தோறும் திருவழிபாட்டில் வாசிக்கப்பட்டன, படியெடுக்கப்பட்டன, ஒரு சபை மற்றொரு சபைக்கு அனுப்பிவைத்தது. திருத்தூதர்களோடு தொடர்புடையதா, சபைகள் பலவும் வாசிக்கின்றனவா, பெற்றுக்கொண்ட விசுவாசத்தோடு ஒத்துப்போகிறதா என்றெல்லாம் பார்த்தனர். எபிரேயருக்கு எழுதிய திருமுகமும் திருவெளிப்பாடும் சில பகுதிகளில் நெடுங்காலம் ஐயத்திற்கு உள்ளாயின. மாறாக, 'ஹெர்மாசின் மேய்ப்பர்' என்னும் நூல் பலராலும் விரும்பி வாசிக்கப்பட்டது. பழம்பெரும் சீனாய்ச் சுவடியில்கூட அதன் பகுதி இருக்கிறது. ஆயினும் அது பட்டியலில் சேரவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம், இந்நூல்கள் புனிதமானவை என்று திருச்சபை ஏற்பதற்குக் காரணம், தான் பின்னர் அவற்றுக்குத் தன் அதிகாரத்தால் ஒப்புதல் அளித்தது அன்று என்று தெளிவாகக் கூறிற்று. தூய ஆவியாரின் ஏவுதலால் எழுதப்பட்டமையே அதற்குக் காரணம். அதாவது, திருச்சபையின் பட்டியல் நூலுக்குப் புனிதத்தைக் கொடுப்பதில்லை. இருக்கின்ற புனிதத்தை அடையாளம் கண்டு அறிவிக்கிறது.

பட்டியலுக்கு வெளியே நின்றவை யாவும் மறைந்தொழிந்தனவா என்றால், அதுவுமில்லை. அன்னை மரியாளின் பெற்றோர் யாவர் என்று கேட்டால் சுவக்கீன், அன்னம்மாள் என்று நம் முதல் வகுப்புக் குழந்தையும் சொல்லும். ஜூலை 26-இல் அவர்கள் திருநாளைக் கொண்டாடுகிறோம். ஆனால் நான்கு நற்செய்திகளில் எதிலும் அப்பெயர்கள் இல்லை! திருமுறையில் சேராத 'யாக்கோபின் முதல் நற்செய்தி' என்னும் பழைய நூலிலிருந்தே அவை நமக்குக் கிடைத்தன. நூல் திருமுறையில் சேரவில்லை. பெயர்களோ பக்தர்களின் நெஞ்சில் நின்றுவிட்டன.

புனிதமான இச்சொல் கதைப்புத்தகத்துக்கு எப்படி இறங்கி வந்தது? அதிலும் நம்மவர் ஒருவருக்குப் பங்குண்டு. ரொனால்ட் நாக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1911-இல் ஆக்ஸ்போர்டில் ஒரு கட்டுரை படித்தார். பொருள்: துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள். அக்காலத்தில் சில அறிஞர்கள் விவிலியத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்து, 'இப்பகுதியை எழுதியவர் வேறு, அப்பகுதியை எழுதியவர் வேறு' என்று ஆராய்ந்து வந்தனர். அவர்களைக் கேலிசெய்ய, நாக்ஸ் அதே முறையை ஹோம்ஸ் கதைகளின்மீது பிரயோகித்தார். கதையைச் சொல்லும் டாக்டர் வாட்சன் ஒருவரா இருவரா, பிற்காலக் கதைகள் 'இரண்டாம் வாட்சன்' எழுதியவையா என்றெல்லாம் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். இந்த விளையாட்டு வாசகரிடையே பரவிற்று. கோனன் டாயில் எழுதிய 56 சிறுகதைகளையும் 4 நாவல்களையும் சேர்த்து அறுபதையும் 'கேனன்' என்று வழங்கலாயினர். நாக்ஸ் 1917-இல் கத்தோலிக்கரானார். குருவாகி, இலத்தீன் விவிலியம் முழுவதையும் தனியொருவராக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஆக, சொல்லைக் கடன்கொடுத்தது வேடிக்கைக்காகவே. வாங்கிக்கொண்டவர்கள்தாம் பின்னாளில் வேடிக்கையை மறந்துபோனார்கள்.

ஹோம்ஸ் கதைகளில் கேனனை வகுப்பது எளிது; ஆசிரியர் ஒருவரே. ஸ்டார் வார்ஸ் அப்படியன்று. 1983-க்குப் பின் படங்கள் நின்றுபோயின. 1991-இல் திமொத்தி ஸான் என்னும் எழுத்தாளர், மூன்றாம் படத்துக்குப் பின் நடந்தவற்றை ஒரு நாவலாக எழுதினார். அது பெருவாரியாக விற்றது. அதில் த்ரான் என்னும் நீலநிறத் தளபதியும், மாரா ஜேட் என்னும் அஞ்சா நெஞ்சுடைய பெண்ணும் வந்தனர். தொடர்ந்து பலர் எழுதினர். லூக்குக்கும் மாரா ஜேடுக்கும் திருமணம் நடந்தது. ஹான் சோலோவுக்கும் லேயாவுக்கும் மூன்று மக்கள் பிறந்தனர். மூத்த இரட்டையரில் பெண்குழந்தை ஜெய்னா, விண்கலம் ஓட்டுவதில் வல்லவளாக வளர்ந்தாள். படம் வராத அவ்வாண்டுகளில் பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்த வாசகர்களுக்கு இந்நூல்களே ஸ்டார் வார்ஸ். லூக்காஸின் நிறுவனம் உரிமம் கொடுத்து, பார்த்து, ஒப்புக்கொண்டு வெளிவந்த நூல்கள் இவை. திருட்டுப் பதிப்புகள் அல்ல.

லூக்காஸ் அவற்றை எவ்வாறு கருதினார்? தம் படங்கள் ஒரு உலகம், நூல்கள் வேறோர் உலகம் என்பதுபோலவே பேட்டிகளில் பேசிவந்தார். பிடித்ததை எடுத்துக்கொள்ளவும் தயங்கவில்லை. பேரரசின் தலைநகருக்குக் கோரஸ்காண்ட் என்று பெயரிட்டவர் ஸான். 1999-ஆம் ஆண்டுப் படத்தில் லூக்காஸ் அப்பெயரையே கையாண்டார். ஒரு படக்கதையின் அட்டையில் கண்ட நீலநிற வீராங்கனையை 2002-ஆம் ஆண்டுப் படத்தில் நடமாடவிட்டார். 2000-ஆம் ஆண்டில் நிறுவனம் லேலண்ட் சீ என்பவரை அமர்த்தி, எல்லாக் கதைச் செய்திகளையும் ஒரு கணிப்பொறிப் பேரேட்டில் பதிந்துவரச் செய்தது. அப்பேரேட்டில் படிநிலைகள் இருந்தன. லூக்காஸின் படங்கள் முதற்படி. தொலைக்காட்சித் தொடர் அதற்கடுத்தது. நூல்களும் படக்கதைகளும் அதற்குக் கீழே. மேற்படியில் உள்ளது கீழ்ப்படியில் உள்ளதோடு முரண்பட்டால் கீழ்ப்படி விட்டுக்கொடுக்கவேண்டும். நல்ல ஏற்பாடு என்றே தோன்றுகிறது. ஏனெனில் எதுவும் முற்றிலும் தள்ளப்படவில்லை. மோதும் இடத்தில் மட்டுமே யார் விலகுவது என்ற ஒழுங்கு.

2012-ஆம் ஆண்டு அக்டோபரில் லூக்காஸ் தம் நிறுவனத்தை டிஸ்னி நிறுவனத்துக்கு ஏறத்தாழ 405 கோடி டாலருக்கு விற்றார். புதிய படங்கள் எடுக்கப்பட இருந்தன. நாவல்களிலோ, அடுத்த பல பத்தாண்டுகளின் கதை முழுவதும் எழுதித் தீர்க்கப்பட்டிருந்தது. 1999-இல் வந்த ஒரு நாவலில் செவ்பாக்கா இறந்தேவிட்டான். ஒரு கோளின்மீது அதன் நிலவே விழ, தன் நண்பன் மகனைக் காப்பாற்றிவிட்டு மாண்டான். புதிய படத்தில் செவ்பாக்கா வேண்டுமானால் அந்நாவல் நடந்திருக்கக்கூடாது. 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் நிறுவனம் அறிவித்தது: வெளிவந்த ஆறு படங்களும் 'குளோன் வார்ஸ்' என்னும் சித்திரத் தொடரும் அதற்கான படமும் மட்டுமே அசையாத கதை, இனி வருவன யாவும் ஒரு குழுவின் மேற்பார்வையில் ஒன்றோடொன்று ஒத்துச் செல்லும், இதுவரை வந்த நாவல்களும் படக்கதைகளும் 'லெஜண்ட்ஸ்' என்ற பெயரில் மறுபதிப்பாகும்.

ஒரே நாளில் மாரா ஜேட் இல்லாதவளானாள். ஜெய்னா பிறவாதவளானாள். நூல்களோடு வளர்ந்தவர்கள் வருந்தினர், சிலர் சினந்தனர். பெரியவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். சிரிக்குமுன், தங்கள் இளமையில் வார இதழில் தொடர்கதை படித்து, கதாநாயகிக்காகக் கண்ணீர்விட்டதை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். அத்தொடர்கதையின் ஆசிரியரல்ல, பத்திரிகையை விலைக்கு வாங்கிய முதலாளி வந்து, 'அப்படி ஒரு பெண்ணே கிடையாது' என்று சொன்னால் எப்படியிருக்கும்?

ஆயினும் நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. முன்னர் எழுதப்பட்ட நூல்களுக்கெல்லாம் கட்டுப்பட்டு ஒருவர் புதிய கதை எழுதவேண்டுமானால் அவர் எழுதுவதற்கு இடமேது? இங்கே கேனன் என்பது எழுதுவோருக்கான ஒரு வேலை ஒழுங்கு. இன்னின்னவற்றை மீறாமல் எழுது, மற்றவற்றைப் பற்றிக் கவலைப்படாதே என்பதே அதன் பொருள். அவ்வொழுங்கை வகுக்கும் உரிமை, கூலி கொடுத்து எழுதுவிப்பவருக்கு இருக்கத்தான் செய்யும். வாசகர் அதனைத் தம் நினைவுகளின்மீது எழுந்த தீர்ப்பாக எடுத்துக்கொண்டதால் வந்ததே பாதித் துயரம். திருமுறை என்னும் சொல்லின் கனம் அவர்களை அறியாமலே அவர்கள்மேல் வந்து அமர்ந்துவிட்டது. திருச்சபை, தனக்கு முன்னரே இருந்த ஒன்றைக் கண்டறிந்து சான்று பகர்கிறது. நிறுவனமோ தன்னுடையதைத் தன் வசதிக்கேற்ப அடுக்கிவைக்கிறது. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பது ஒரு விபத்து.

'லெஜண்ட்' என்னும் பெயரும் சுவையானது. அதன் இலத்தீன் மூலத்துக்கு 'வாசிக்கப்படவேண்டியவை' என்று பொருள். துறவு மடங்களில் புனிதர்களின் வரலாறுகளை உரக்க வாசித்ததால் அவ்வரலாறுகளுக்கு அப்பெயர் வந்தது. கதை மிகுந்து போனதால் பிற்காலத்தில் 'கட்டுக்கதை' என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. நிறுவனத்தார் இதை அறிந்துதான் பெயரிட்டார்களோ, நாமறியோம். தள்ளிய நூல்களுக்கு அவர்கள் இட்ட பெயரோ 'வாசிக்கப்படவேண்டியவை'! மெய்யாகவே அந்நூல்கள் வாசிக்கப்பட்டும் வருகின்றன. 2021 முதல் புதிய அட்டைகளோடு அவற்றுட் பல மீண்டும் அச்சாயின.

தள்ளப்பட்டவர் சிலர் பின்வாசல் வழியாகத் திரும்பியும் வந்தனர். 1983-ஆம் ஆண்டுப் படத்தில் ஒரு மணற்குழிப் பூதத்தின் வாய்க்குள் விழுந்து மாண்டவன் போபா ஃபெட். படக்கதை ஒன்று 1990-களின் தொடக்கத்தில் அவனைப் பிழைக்கவைத்தது. 2014-இல் அந்தப் பிழைப்பு செல்லாமற்போயிற்று. 2020-இல் தொலைக்காட்சித் தொடர் ஒன்று அவனை மறுபடியும் உயிரோடு கொண்டுவந்தது. த்ரானும் 2016-இல் சித்திரத் தொடரில் திரும்பினான். 2023-இல் நடிகரின் உருவிலேயே வந்தான். அவனை அழைக்கும்படி எந்தச் சட்டமும் கட்டளையிடவில்லை. அவனை மறவாத வாசகர்களும், அவ்வாசகர்களாய் இருந்து வளர்ந்த எழுத்தாளர்களுமே அழைத்தனர். 2023-இலும் மாரா ஜேட் வரவில்லை. நம் பெண்கள் பள்ளியின் சார்பில் அதனை ஒரு குறையாகவே பதிந்துவைக்கிறோம்.

மக்களே பட்டியலை வகுத்துவிட முடியுமா என்றால், அதுவும் ஓர் எல்லைக்குட்பட்டதே. 2017-ஆம் ஆண்டுப் படத்தில் லூக் மனம் கசந்து தனித்தீவில் ஒதுங்கியிருப்பவனாக வருகிறான். அது பொறாத ரசிகர்கள் அப்படத்தையே கேனனிலிருந்து நீக்கவேண்டுமென்று விண்ணப்பம் எழுதினர். 1 இலட்சத்துக்கும் அதிகமானோர் ஒப்பமிட்டனர். ஒன்றும் நடக்கவில்லை, நடந்திருக்கவும் கூடாது. பிடிக்காததை நீக்கும் உரிமை ஒரு கூட்டத்துக்கு உண்டென்றால், அதே படத்தை நேசித்தவர்களின் உரிமை எங்கே போவது? மற்றொரு புறம், 1978-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் நாள் தொலைக்காட்சியில் ஒரே ஒருமுறை ஒளிபரப்பான விழாநாள் நிகழ்ச்சி ஒன்றை நிறுவனமே மறக்கடிக்க விரும்பிற்று. வீட்டில் பதிந்த நாடாக்கள் கைமாறிக் கைமாறி அதனைக் காப்பாற்றின. செவ்பாக்காவின் குடும்பத்தார் கொண்டாடும் அவ்விழாவின் பெயரை 2019-ஆம் ஆண்டுத் தொடரில் ஒரு பாத்திரம் இயல்பாக உச்சரித்தபோது பழைய ரசிகர்கள் எவ்வளவு மகிழ்ந்திருப்பர்!

இதுவரை சொன்ன வழக்குகளில் எல்லாம் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. தள்ளப்பட்டது எதுவாயினும், விரும்பியவர் எப்படியோ தேடிப் படிக்கமுடிந்தது. அலமாரியிலிருந்து நூலை எவரும் எடுத்துச்செல்லவில்லை. நாம் மெய்யாகக் கவலைப்படவேண்டிய வழக்கு வேறு. அது முதற்படத்தைப் பற்றியது.

1977-ஆம் ஆண்டுப் படத்தில் ஓர் உணவு விடுதிக் காட்சி. கிரீடோ என்னும் கூலியாள் ஹான் சோலோவைத் துப்பாக்கி முனையில் நிறுத்திப் பேசிக்கொண்டிருக்கிறான். ஹான் மேசைக்கடியில் தன் துப்பாக்கியை மெல்ல எடுத்து அவனைச் சுட்டுவிடுகிறான். சுட்டது ஹான் ஒருவனே. நல்லவன் என்று அவனை அப்போது சொல்லமுடியாது. படத்தின் முடிவில் நண்பர்களுக்காகத் தன் உயிரைப் பணயம்வைத்துத் திரும்பி வருகிறானே, அத்திருப்பத்தின் பெருமையே தொடக்கத்தில் அவன் இருந்த இழிநிலையில்தான் இருக்கிறது. மனந்திரும்பிய ஒருவனின் கதையில் மனந்திரும்புதற்கு முன்னிருந்த நிலையை மறைத்தால் கதையில் என்ன மிஞ்சும்?

1997-இல் லூக்காஸ் மூன்று படங்களையும் திருத்தித் திரையிட்டார். புதிய வடிவில் கிரீடோ முதலில் சுடுகிறான், குறி தவறுகிறது, பின்னரே ஹான் சுடுகிறான். 2004-ஆம் ஆண்டுத் தட்டில் இருவரும் ஏறக்குறைய ஒரே கணத்தில் சுடுகின்றனர். 2019-இல் டிஸ்னியின் ஒளிபரப்பில் வந்த வடிவில் கிரீடோ சுடுமுன் புரியாத ஒரு சொல்லையும் கூவுகிறான். ஒரே காட்சி, நான்கு வடிவங்கள்! மூன்றாம் படத்தின் இறுதியில் தோன்றும் தந்தையின் ஆவியும் 2004-இல் மாறிற்று. முதிய நடிகர் செபாஸ்டியன் ஷாவின் உருவை நீக்கி, முன்கதைப் படங்களில் நடித்த இளைஞர் ஹேடன் கிறிஸ்டென்சனின் உருவை வைத்தனர்.

தாம் ஆக்கியதைத் தாமே திருத்த லூக்காஸுக்கு உரிமை இல்லையா? உண்டு. கவிஞர்கள் திருத்துகிறார்கள், ஓவியர்கள் திருத்துகிறார்கள். நம் ஆட்சேபம் திருத்தத்தைப் பற்றியதன்று. பழைய வடிவத்தைப் பார்க்கும் வழியைக் கூடவே அடைத்ததைப் பற்றியதே. 1997-க்குப் பின் பழைய வடிவம், 2006-இல் ஒருமுறை தெளிவு குறைந்த இணைப்புத் தட்டாக வந்ததைத் தவிர, தட்டிலும் ஒளிபரப்பிலும் நிறுவனத்தாரால் வெளியிடப்படவில்லை. வியப்பு என்னவெனில், 1988-இல் அமெரிக்கச் செனட் சபைக் குழுவின் முன் தோன்றி, பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குச் செல்வர்கள் வண்ணம் பூசுவதை எதிர்த்து, நம் கலைச்செல்வத்தை வருங்காலத் தலைமுறைக்கு உள்ளவாறே விட்டுச்செல்ல வேண்டுமென்று வாதாடியவர் இதே லூக்காஸ். 1989-இல் அமெரிக்க நாட்டின் திரைப்படப் பாதுகாப்புப் பட்டியலில் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 25 படங்களுள் இவருடைய இப்படமும் ஒன்று.

விவிலியத்தைப் பெயர்த்தவர்கள் இத்தகைய இடங்களில் என்ன செய்தார்கள் என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். மாற்கு நற்செய்தியின் இறுதிப் பகுதி, 16-ஆம் அதிகாரம் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள், மிகப் பழைய சில சுவடிகளில் இல்லை. கத்தோலிக்கத் திருமுறையில் அப்பகுதிக்கு ஐயமற இடமுண்டு. ஆனால் சுவடிகளின் நிலையை மறைக்காமல் அடிக்குறிப்பில் சொல்லிவிடுவது இக்காலப் பதிப்புகளின் வழக்கம். சுவடியையும் ஒளித்துவைப்பதில்லை, விரும்பியவர் சென்று பார்க்கலாம். எது சேர்த்தி என்று முடிவுசெய்வது ஒன்று. முடிவுக்கு முன் இருந்ததை அழிப்பது முற்றிலும் வேறு ஒன்று. முதலதற்கு அதிகாரமுடையோர் யாரேனும் இருப்பர். இரண்டாவதற்கு, ஆக்கியவராயினும் வாங்கியவராயினும், ஒருவருக்கும் உரிமை இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

ரசிகர்கள் வாளாவிருக்கவில்லை. திரையரங்குகளில் ஓடித் தேய்ந்த பழைய படச்சுருள்களைத் தேடிப்பிடித்து, சட்டம் நுழைந்து கேட்டால் பதில் சொல்லக் கடினமான முறையில்தான் என்றாலும், காட்சி காட்சியாகத் தூசு துடைத்துப் பழைய வடிவத்தை மீட்க உழைத்தனர். கூலியில்லாத உழைப்பு அது. படியெடுத்த துறவியரை நினைவூட்டுகிறது என்றால் அருட்சகோதரியர் கோபிக்கமாட்டார்கள் என நம்புகிறோம்.

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலண்டனில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் ஒரு விழா நடத்தியது. படச்சுருளிலிருந்தே படங்களைத் திரையிடும் விழா அது. தொடக்க நாளில், 1977-இலேயே எடுக்கப்பட்டுப் பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த முதற்படத்தின் பிரதி ஒன்று ஓடியது. லூக்காஸ் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் கேத்லீன் கென்னடியும் வந்திருந்தார். பொதுமக்கள் நுழைவுச்சீட்டு வாங்கி அமர்ந்திருந்தனர். விடுதிக் காட்சி வந்தது, கிரீடோ பேசிக்கொண்டேயிருந்தான், ஹான் மேசைக்கடியில் கையை இறக்கினான்.